துகுமோ பாலத்தில், கூப்பிடு தூரத்தில்

“மலையில யாராவது உன்னை ஒரே ஒரு தடவை கூப்பிட்டா, திரும்பிப் பார்ப்பியா?”

மூடிய கதவுக்கு வெளியே நின்று வகானா என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“பார்க்கவே கூடாது, சாயோ. மனுஷங்கதான் ரெண்டு தடவை கூப்பிடுவாங்களாம். மத்ததுங்களுக்கு ஒரு தடவைக்கு மேல வராதாம். எங்கம்மா சொன்னாங்க. ஃபோன்ல ‘மோஷி மோஷி’ன்னு ரெண்டு தடவை சொல்றோமே, அதுகூட அதுக்குத்தானாம். நான் மனுஷிதான்னு காட்டிக்க.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “பயப்படாதே. நான் உன்னை ரெண்டு தடவைதான் கூப்பிடுவேன்.”

இனி எழுதப்போவது எல்லாமே நடந்தது. இதில் வரும் நேரங்கள் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தவை. எதையும் கூட்டவில்லை. சிலவற்றைக் குறைத்துவிடலாமா என்றுதான் பல நாள் யோசித்தேன். முடியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில், ஜூன் மாதத்தோடு நான் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலை காலணிக்குள் கால் நுழையவில்லை. மறுநாளும் நுழையவில்லை. அதற்குப் பிறகு யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

வராத பிள்ளைக்கு வகுப்பில் கொடுக்கும் தாள்களை, வீடு பக்கத்தில் இருக்கும் பிள்ளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளியில் அது வழக்கம். எனக்குக் கொண்டுவந்தவள் ஒகிசு வகானா. சலவைக்கடைக்காரியின் மகள். வியாழக்கிழமை மாலை 4:20-க்கு வாசல் கதவைப் பக்கவாட்டில் தள்ளும் சத்தம் கேட்கும். அம்மா முதியோர் இல்லத்து வேலையிலிருந்து திரும்ப ஆறு மணி ஆகும். வகானா தானாகவே மாடியேறி வருவாள். தாளைக் கதவுக்கு அடியில் தள்ளுவாள். மூடிய கதவிடம் பத்து நிமிடம் பேசுவாள். கணக்கு வாத்தியாரின் விக் பறந்தது, கடைக்கு வந்த கிமோனோவில் ஐஸ்கிரீம் கறை இருந்தது, இப்படி.

கீழே இறங்கியதும் “போயிட்டு வர்றேன்!” என்று கத்துவாள்.

எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. உள்ளே இருப்பவர் “போயிட்டு வா” என்று சொல்ல வேண்டும். அதற்காக வகானா பத்து எண்ணும் நேரம் காத்திருப்பாள். எனக்கு உதடு அசையும். சத்தம் வராது.

“சரி சரி, அடுத்த வாரம் சொல்லு. வட்டியோட சேர்த்துச் சொல்லணும்” என்பாள். கதவு மூடும்.

அந்த நவம்பரில் ஒரு வியாழக்கிழமைதான் அவள் மலைக் கேள்வியைக் கேட்டது. அன்று வந்த கணக்குத் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தாள்.

“ஞாயிறு. துகுமோ பள்ளத்தாக்கு. மேப்பிள் எல்லாம் செவந்துடுச்சாம். படம் எடுக்கப் போலாம். 8:05 வண்டி. வர்றதா இருந்தா ஜன்னல்ல செவப்பா எதையாவது கட்டு. பேசவே வேண்டாம். நீ முன்னாடி நட. நான் தள்ளிப் பின்னாடி வர்றேன். நீயா திரும்பிப் பார்க்கிற வரைக்கும் கூப்பிட மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை முழுக்க அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை என் சிவப்பு மஃப்ளரை ஜன்னல் கம்பியில் கட்டினேன். கடைக்குப் போகும் வழியில் வகானா நிமிர்ந்து பார்த்தாள். நடுத்தெருவில் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். திரைச்சீலை இடுக்கு வழியாக நான் பார்த்தேன்.

ஞாயிறு காலை 7:20-க்குக் காலணி மாட்டிக்கொண்டேன். கால் நுழைந்தது. மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். 7:40. 7:50. கதவைத் தள்ள வேண்டியதுதான் பாக்கி. 8:05-க்கு ரயில் கூவியது. எங்கள் வீட்டுக்கு அது நன்றாகக் கேட்கும்.

காலணியைக் கழற்றினேன். மாடிக்குப் போய் மஃப்ளரை அவிழ்த்தேன்.

மறுநாள் காலை துகுமோ ஆற்றில், பாலத்துக்குக் கீழே, வகானா கிடந்தாள்.

அவள் பை பாலத்துக்கு இந்தப் பக்கமே இருந்ததாம். பைக்குள் இரண்டு சாப்பாட்டு டப்பாக்கள். இரண்டும் திறக்காதவை.

ஊர் அந்த இரண்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டது. என் அம்மாகூட இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்: “பதினஞ்சு வயசுப் பொண்ணு தனியா இலை பார்க்கவா போகும்? எவனோ வரச் சொல்லியிருக்கான். பாவம், அவங்கம்மா மூஞ்சியைப் பார்க்க முடியல.” நான் ஊறுகாய் முள்ளங்கியைச் சத்தம் வராமல் மென்றுகொண்டிருந்தேன்.

போலீஸ் வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டது. நான் எந்த வகுப்பிலும் இல்லை. அதனால் என்னை யாரும் கேட்கவில்லை. கணக்குத் தாள் என் நோட்டுக்குள் இருந்தது. நானும் சொல்லவில்லை.

வகானாவின் அம்மா வீடு வீடாகப் போனார். எங்கள் வாசலுக்கும் வந்தார். மாடியில் எனக்குக் குரல் கேட்டது.

“திட்டறதுக்கு இல்லீங்க. யாரோட போனான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். அந்த ரெண்டாவது டப்பா யாருக்குன்னு...”

“எங்க பொண்ணுக்கு எதுவும் தெரியாதுங்க. அது ரூமை விட்டே வராது” என்றாள் அம்மா.

உண்மைதானே. நான் வரவில்லை.

இரண்டு வருடங்கள் போயின. சலவைக்கடை திறந்திருக்கும் நேரம் குறைந்தது. இந்த நவம்பரில் வகானாவுக்கு நினைவுச் சடங்கு என்று அம்மா சொன்னாள். அன்றுதான் முடிவு செய்தேன். வகானா எடுக்க நினைத்த அந்தச் சிவப்பு இலைகளை நான் போய்ப் படம் எடுத்து வரவேண்டும். அதை அவள் அம்மாவிடம் கொடுத்து, அந்த டப்பா எனக்குத்தான் என்று சொல்லிவிட வேண்டும். வெறும் கையோடு போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

அதே தேதி. இந்த முறை செவ்வாய்க்கிழமை. 8:05 வண்டிக்குத்தான் கிளம்பினேன். காலணி மாட்ட நாலு மணி நேரம் ஆனது. 12:31 வண்டியில் ஏறினேன். கடுகு மஞ்சள் கோட்டு. இந்த செப்டம்பரில் ஒரு துணிக்கடை மூடும்போது அம்மா பாதி விலைக்கு வாங்கி வந்தது. கழுத்தில் அந்தச் சிவப்பு மஃப்ளர். பையில், இருபத்தேழு படம் எடுத்ததும் அப்படியே கடையில் கொடுத்துவிடும் அட்டை ஃபிலிம் கேமரா. வகானா வைத்திருந்ததும் அந்த மாதிரிதான்.

ஒற்றைப் பெட்டி ரயில் 1:47-க்குத் துகுமோவில் நின்றது. இறங்கியது நான் ஒருத்திதான். நடைமேடை பெஞ்சில் யாரும் இல்லை. ஆனால் அதைத் தாண்டும்போது, யாரோ சட்டென்று எழுந்த மாதிரி மரப்பலகை ‘கிரீச்’ என்றது.

நிலைய வாசலில் ஒரு தள்ளுவண்டிக் கடை. சோயாவில் வெந்த கொன்யாக்குக் கிழங்கு உருண்டைகளைக் குச்சியில் குத்தி விற்கும் அக்கா, வெறும் மரங்களைக் கரண்டியால் காட்டிச் சிரித்தார்.

“என்னம்மா, இலை பார்க்க வந்தியா, கிளை பார்க்க வந்தியா?”

“இ... இலை.”

“லேட்டு! போன வாரமே காத்தடிச்சு எல்லாம் கொட்டிப்போச்சு. நல்ல நேரத்துல வராம, எல்லாம் முடிஞ்சப்புறம் கேமராவைத் தூக்கிட்டு வருதுங்க பாரு.”

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சில் போய்ப் பட்டது.

“சரி, வந்தது வந்துட்டே. கரடி கிட்ட வராம மாட்டிக்கிற மணி இருக்கா? இல்லையா? இந்தா, என்னோடதை மாட்டிக்கோ. திரும்பி வரும்போது குடு. பார்வை மேடை வரைக்கும்தான் போகணும், கேட்டியா? அதுக்கு மேல கயிறு கட்டியிருக்கும். தாண்டாதே.”

மணியைப் பையில் மாட்டினேன். ஒவ்வொரு அடிக்கும் ‘கிலிங்... கிலிங்’ என்றது.

2:10. பாதை ஆற்றின் இடக்கரையில் ஏறியது. அக்கா சொன்னது சரி. மரங்களில் ஒரு இலை இல்லை. காலடியில் எல்லாம் பழுப்பாகி, நனைந்து, மட்கிக் கிடந்தன. இதைப் படம் எடுத்து அவள் அம்மாவுக்கு எப்படிக் கொடுப்பது? அழுகை வந்தது. ஆனாலும் நடந்தேன்.

2:48. பார்வை மேடை. கயிறு எதுவும் கட்டியிருக்கவில்லை. அவிழ்த்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. நானும் திரும்பினேன்.

சிவப்பு.

பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்பு. மேலே, எதிரே, கீழே ஆற்றின் நிழலில்கூட. கைக்குழந்தையின் உள்ளங்கை மாதிரி ஆயிரம் ஆயிரம் இலைகள் கிளையிலேயே இருந்தன. ஒன்றுகூட உதிரவில்லை. இந்தப் பக்கம் காற்று படாமல் தப்பித்திருக்கிறது என்று என் புத்தி ஒரு காரணம் சொன்னது. நான் அதை ஏற்றுக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன் தெரியுமா?

கேமராவை எடுத்தேன். ‘டிக்’. அடுத்த படத்துக்குச் சக்கரத்தைக் கட்டை விரலால் திருப்பினேன். ‘க்ரிக்... க்ரிக்... க்ரிக்.’

சற்றுப் பொறுத்து, பின்னால் எங்கோ...

‘க்ரிக்... க்ரிக்... க்ரிக்.’

பாறையில் எதிரொலிக்கிறது என்று நினைத்தேன்.

பத்துப் படம் எடுத்தேன். பத்து முறையும் எதிரொலித்தது. பதினொன்றாவது முறை நான் சக்கரத்தைப் பாதியில் நிறுத்தினேன். ஒரே ஒரு ‘க்ரிக்’.

பின்னால் மூன்று கேட்டது.

3:25. அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். என் மணி அடிக்கவில்லை. பையில்தான் தொங்கியது. ஆடியது. உள்ளே நாக்கு இடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

திரும்பிப் போய்விடலாம். ஆனால் திரும்ப வேண்டுமென்றால், திரும்பிப் பார்க்க வேண்டும்.

முன்னால் நடந்தேன்.

பாதை ஓரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. துகுமோ இலைத் திருவிழாவின் சுவரொட்டி, நேற்று ஒட்டியது மாதிரிப் புதிதாக. தேதியைப் பார்த்தேன். இந்த வருடத்துத் தேதி இல்லை. போன வருடத்தது கூட இல்லை.

நான் நின்றால் பின்னால் காலடி நின்றது. நடந்தால் நடந்தது. கிட்டே வரவில்லை. விலகிப் போகவும் இல்லை. எப்போதும் ஒரு கூப்பிடு தூரம்.

ஒரு முறை மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. குளிரில் வெகுநேரம் நிற்கிற ஒருவர் உறிஞ்சுவது மாதிரி. இன்னொரு முறை... சிரிப்பை அடக்குகிற சத்தம்.

ஆனாலும் நான் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எனக்கு அது தெரிந்துவிட்டது என்று அதற்குத் தெரிந்துவிடும். பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று எடுத்துக்கொண்டே போனேன். நான் எடுக்க எடுக்க, அதுவும் எடுத்தது.

4:11. வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. சிவப்பெல்லாம் கறுக்க ஆரம்பித்தது.

4:17. பாலம்.

கயிறும் பலகையுமாக ஒரு பழைய தொங்குபாலம். அதைத் தாண்டினால் வலக்கரை வழியாக நிலையத்துக்கு இறங்கிவிடலாம். பலகைகள் ஈரமாக இருந்தன. கயிற்றைப் பிடித்து ஏறினேன். நடுவில் நின்று இருபத்தாறாவது படத்தை எடுத்தேன். கடைசி ஒன்றை மிச்சம் வைத்தேன்.

பின்னால் ‘டிக்’ என்றது.

மிகப் பக்கத்தில்.

பிறகு எதையோ கீழே போடுகிற சத்தம். ‘தொப்.’

பிறகு பலகையில் காலடி. இந்த முறை நடக்கவில்லை. ஓடி வந்தது. பாலம் முழுக்க ஆடியது. தட்... தட்... தட்...

“சாயோ!”

வகானாவின் குரல்.

சந்தேகமே இல்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் கேட்ட குரல்.

ஒரு தடவை.

ஒரே ஒரு தடவை.

திரும்பக் கூடாது என்று அவள்தான் சொன்னாள்... இரண்டாவது தடவை கூப்பிட்டால் திரும்பலாம்... நான் நின்றேன். சத்தியமாக நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கூப்பிடு, இன்னொரு தடவை கூப்பிடு...

“சா...”

‘சடக்!’

அவ்வளவுதான்.

ஆற்றின் சத்தம் மட்டும்.

நான் ஓடினேன். திரும்பவில்லை. திரும்பாமலே ஓடினேன். எந்தப் பாதை, எத்தனை வளைவு, எதுவும் நினைவில்லை. கால் தாரில் பட்டபோது பையிலிருந்து ‘கிலிங்’ என்று ஒரு சத்தம். அலறிவிட்டேன். மணி.

4:40. கொன்யாக்கு அக்கா கடையை மூடிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? கரடியா?”

இல்லை என்று தலையசைத்தேன். மணியைக் கழற்றிக் கொடுத்தேன்.

“எந்தப் பக்கமா வந்தே நீ? நான் இடப்பக்கம்தானே பார்த்துட்டிருந்தேன்.”

வலக்கரையைக் காட்டினேன். “பா... பாலத்து வழியா.”

அக்கா என்னைப் பார்த்தார். மணியைப் பார்த்தார்.

“எந்தப் பாலம்?”

நான் தொங்குபாலம் ஆடுகிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினேன்.

“அந்தப் பாலத்தைக் கழட்டிப்போட்டு ரெண்டு வருஷமாச்சே. ஒரு பலகை பாக்கியில்ல. ஒரு பொண்ணு விழுந்துச்சு, அதுக்கப்புறம்.” அடுப்பை அணைத்தார். குரலைத் தாழ்த்தினார். “அதைக் கடைசியா பார்த்தது நான்தான். பாவம், காலையிலேருந்து அந்த பெஞ்சுலயே உக்காந்து வண்டி வண்டியா பார்த்துச்சு. ‘சாப்பிடேம்மா’ன்னேன். ‘ஃப்ரெண்ட் வரட்டும் அக்கா, சேர்ந்து சாப்பிடணும்’னுச்சு. 1:47 வண்டி வந்துச்சு. ஒரு ஈ காக்கா இறங்கல. நான் பார்த்துட்டுதானே இருக்கேன்? ஆனா அந்தப் பொண்ணு எழுந்திருச்சு. மூஞ்செல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்து உதட்டுல விரலை வெச்சு ‘உஸ்’ங்குது. அப்புறம் பூனை மாதிரி அடி எடுத்து வெச்சு, முன்னாடி யாரோ போறாப்பல பின்னாலயே போச்சு.”

4:52 வண்டியில் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது.

ஒன்பது நாள் கழித்துப் படங்கள் வந்தன. இருபத்தாறும் பார்த்தேன். வெறும் கிளைகள். சாம்பல் வானம். கடைசிப் படத்தில் ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு சிமெண்ட் தூண்கள். நடுவே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததன் மேலே நின்றுகொண்டு, நான் அதை எடுத்திருந்தேன்.

அந்தப் படங்களைக் கொடுக்க முடியாது. வேறு என்ன கொடுப்பது என்றும் தெரியவில்லை. கடிதம் எழுதினேன். பதினோரு தடவை கிழித்தேன். பன்னிரண்டாவதில் இருந்தது இவ்வளவுதான்: ‘அத்தை, இரண்டாவது டப்பா எனக்கு. வருகிறேன் என்று ஜன்னலில் மஃப்ளர் கட்டினேன். போகவில்லை. சொல்லவும் இல்லை. அவள் வேறு யாரோடும் போகவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. சாயோ.’ கணக்குத் தாளையும் உள்ளே வைத்தேன். விடியும் முன் போய்ச் சலவைக்கடையின் தபால் துளையில் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

அது புதன்கிழமை.

வியாழக்கிழமை மாலை வாசல் கதவைப் பக்கவாட்டில் தள்ளும் சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன்.

4:20.

கீழே யாரும் பேசவில்லை. படியேறவும் இல்லை. நான் என் அறைக் கதவைத் திறந்தேன். ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

வகானாவின் அம்மா நின்றிருந்தார். கையில் ஒரு பழுப்பு உறை. நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். சலவை ஆவியில் கை சிவந்திருந்தது.

“சாயோதானே நீ? இப்பதான் உன்னைப் பார்க்கிறேன்.”

தரையில் மண்டியிட்டு நெற்றி பலகையில் படக் குனிந்தேன். “அத்தை... நான்...”

“படிச்சேன்.” குரல் மென்மையாக இருந்தது. “நல்ல பொண்ணும்மா நீ, எழுதினியே. ரெண்டு வருஷமா ஊரே ‘எவனோட போனா, எவனோட போனா’ன்னு கேட்டுக் கேட்டு, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு பாரு. பெத்தவ நானு. நேத்து ராத்திரி அவ படத்துக்கு முன்னாடி உக்காந்து மன்னிப்புக் கேட்டேன். பயம், வெளிய வர முடியல. அது எனக்குப் புரியுது. வராதது குத்தமில்ல. எழுந்திரு.”

நான் எழுந்தேன். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்தது அசைந்த மாதிரி இருந்தது.

“ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்” என்றார். “இந்தப் படங்கள்ல இருக்கிறவ யாருன்னு உனக்குத் தெரியுமா? வகானா பையில இருந்த கேமராவுல எடுத்தது. போலீஸ்ல ஃபிலிமைக் கழுவிக் குடுத்தாங்க. ‘யாரோ சுத்திப்பார்க்க வந்தவங்க குறுக்க வந்திருக்காங்க’ன்னு சொல்லி விட்டுட்டாங்க. உங்கம்மாகிட்டக்கூட அப்பவே ஒண்ணு காட்டினேன். இந்த மாதிரி கோட்டு எங்க பொண்ணுகிட்ட இல்லைன்னாங்க.”

உறையிலிருந்து படங்களை எடுத்து வாசல் பலகையில் ஒவ்வொன்றாக வைத்தார்.

சிவப்பு. பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்பு. ஒன்றுகூட உதிராத இலைகள்.

ஒவ்வொரு படத்திலும், தொலைவில், பாதையில், முதுகைக் காட்டி ஒருத்தி நின்றாள். கேமராவைக் கண்ணில் வைத்து. கடுகு மஞ்சள் கோட்டு.

படத்துக்குப் படம் கொஞ்சம் பெரிதானாள்.

இருபத்தேழாவது படம். பழைய தொங்குபாலம். நடுவில் அவள். பின்கழுத்து. சிவப்பு மஃப்ளரின் முடிச்சு. பையில் தொங்கும் மணி, ஆடும்போது எடுத்ததால் சற்றுக் கலங்கி.

அத்தை நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். அங்கே ஆணியில் மஞ்சள் கோட்டு தொங்கியது. அதன் மேல் மஃப்ளர்.

மறுபடி படத்தைப் பார்த்தார். மறுபடி கோட்டை.



கோட்டு வாங்கிய ரசீது என் நோட்டில் ஒட்டியிருக்கிறது. இந்த வருடம், செப்டம்பர். மாடிக்கு ஓடிப்போய் எடுத்து வந்து காட்டியிருக்கலாம். கால் அசைந்தது. பிறகு நின்றுவிட்டது. காட்டி என்ன சொல்வது? அன்று நான் அங்கே இல்லை என்றா?

இருந்தேனே.

அவள் எனக்குப் பின்னால்தானே வந்தாள்? 1:47-லிருந்து, அந்த ஈரப்பலகை வரை?

“நீ போயிருக்கே” என்றார் அத்தை. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

“...ஆமா, அத்தை.”

“உன் பின்னாடிதான் வந்திருக்கா.”

“ஆமா.”

“கூப்பிட்டாளா?”

“கூப்பிட்டா.”

மகளுக்கு அந்தக் கதையைச் சொன்னவரே அவர்தான்.

“எத்தனை தடவை?”

எனக்கு உதடு அசைந்தது. இந்த முறை சத்தமும் வந்தது.

“ஒண்ணரை.”

அத்தை படங்களைச் சேர்த்தார். இருபத்தாறை உறைக்குள் வைத்தார். இருபத்தேழாவதை மட்டும் எடுக்கவில்லை. குனிந்து காலணி மாட்டினார். ஒரு குதிகால் உள்ளே போக வெகுநேரம் ஆனது. கதவைத் தள்ளினார். குளிர்க்காற்று உள்ளே வந்தது.

நான் காத்திருந்தேன். அவர் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொன்னால் சொல்வதற்கு, ‘போயிட்டு வாங்க’ என் வாயில் தயாராக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன்.

பத்து வந்தபோது கதவு மூடியிருந்தது. அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.